யார் பின்னியது அந்தக் குழாயை?

அமெரிக்க இதய அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கியைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு தையல் மிஷின் வந்துவிடும். 1950-களின் தொடக்கத்தில் ஹூஸ்டன் நகரத்து ஃபோலீஸ் என்ற பெரிய கடைக்கு நைலான் துணி வாங்கப் போகிறார். நைலான் தீர்ந்துவிட்டது, டேக்ரான் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்கிறார்கள் கடைக்காரர்கள். ஒரு கஜம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். மனைவியின் தையல் மிஷினில் உட்கார்ந்து, துணியை வெட்டி, ஓரம் தைத்துக் குழாயாக்குகிறார். பழுதான மகாதமனியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாலியஸ்டர் குழாயை வைத்துத் தைக்கும் அறுவை மருத்துவம் அந்தத் தையல் மிஷினிலிருந்து தொடங்கியதாகச் சொல்வது வழக்கம்.

இது கட்டுக்கதை அல்ல. தையல் அவர் லூசியானாவில் சிறுவனாக இருந்தபோது அம்மாவிடம் கற்ற வேலை. பிற்காலத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் திருப்பூரில் வளர்ந்த ஒருவருக்கு இந்தக் கதை பாதியில் நின்றுவிடுவது உடனே தெரியும். இங்கே டெய்லரிங் ஓரிடம், நிட்டிங் வேறிடம். பெரும்பாலும் வேறு தெரு, வேறு முதலாளி. இன்று அறுவை அரங்குகளில் பயன்படும் பாலியஸ்டர் ரத்தக்குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தால் நீளவாக்கில் தையலே இருக்காது. உடம்பு அளவுக்கே குழாயாகப் பின்னும் பாடி சைஸ் மிஷினில் ஓட்டிய பனியனுக்குச் சைடு தையல் இல்லாதது எப்படியோ, அப்படி. தைத்த குழாய்க்கும் தையலில்லாத குழாய்க்கும் நடுவில் யாரோ ஒருவர் நீடில்களை வரிசையாகப் பூட்டி, நூல் கோத்து, ஒரு மிஷினை ஓட்டியிருக்க வேண்டும். அவர் யார்?

பின்னலாடை எந்திரங்களின் வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருந்த என்னை இந்தக் கேள்வி விடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தமிழ்நாடு கொடுத்த துணி எது என்று யாரைக் கேட்டாலும் ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியைக் காட்டுவார்கள். அங்கே விசைத்தறியில் ஓடும் பேண்டேஜ் துணி நாடெங்கும் போகிறது. அது நெசவு, உடம்புக்கு வெளியே சுற்றுவது. நான் தேடியது உடம்புக்கு உள்ளே போன பின்னலை.

முதல் தடயம் பழைய மருத்துவ இதழ்களில் இருந்தது. ‘அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி’ இதழின் பழைய தொகுதிகள் இப்போது இணையத்தில் யாரும் படிக்கும்படி கிடைக்கின்றன. 1952-ஆம் ஆண்டுத் தொகுதியில் ஆர்தர் வூரிஸ், ஆல்ஃப்ரெட் ஜாரெட்ஸ்கி, ஆர்தர் பிளேக்மோர் மூவரும் எழுதிய கட்டுரை இருக்கிறது. ‘வின்யான் என்’ என்ற செயற்கைத் துணியில் செய்த குழாய்களை வைத்துத் தமனியில் விழுந்த இடைவெளியை இணைப்பது பற்றியது. இந்தத் துறையின் ஆதிக் கட்டுரை என்று இதைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள்.

அதற்குப் பின்னால் ஒரு நூலிழை இருக்கிறது. 1947-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயிற்சி மருத்துவராக இருந்த வூரிஸ் ஒரு நாயின் இதயத்தைத் திறந்து பார்த்தார். முன்பு செய்த அறுவையில் இட்ட பட்டுத் தையல் நூல் ஒன்று தவறிப்போய் இதய அறைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அந்த நூலின் மேல், ரத்தக்குழாயின் உட்சுவரைப் போலவே பளபளப்பான ஒரு படலம் வளர்ந்திருந்தது. ஒரு நூலின் மேல் படலம் வளருமானால் நூலால் ஆன துணியின் மேலும் வளரும் அல்லவா? முதலில் பட்டுக் கைக்குட்டையைச் சுருட்டித் தைத்துப் பார்த்தார். பிறகு பாராசூட் தைக்க வைத்திருந்த வின்யான் துணி கைக்கு வந்தது. அதையும் தைத்துத்தான் குழாயாக்கினார். துணி என்றால் எடுத்து வெட்டித் தைப்பது என்ற எண்ணத்தைத் தாண்ட 1952 வரை யாருக்கும் வழி பிறக்கவில்லை.

அடுத்து அகப்பட்டதுதான் உண்மையான தடயம். 1958-இல் டிபேக்கி, டென்டன் கூலி, ஸ்டான்லி கிராஃபோர்ட், ஜார்ஜ் மோரிஸ் நால்வரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வளைந்து கொடுக்கும், பின்னப்பட்ட புதிய டேக்ரான் தமனி மாற்றை நோயாளிகளிடம் பயன்படுத்தியதைப் பற்றியது அது. ‘பின்னப்பட்ட’ என்ற சொல் தலைப்பிலேயே நிற்கிறது. ஆகத் தையல் மிஷினிலிருந்து நிட்டிங் மிஷினுக்கு இந்தச் சில ஆண்டுகளுக்குள் மாறிவிட்டார்கள். ஆனால் ஆசிரியர் வரிசையில் உள்ள நால்வரும் அறுவை மருத்துவர்கள். பின்னியவர் அந்த வரிசையில் இல்லை.

டிபேக்கியின் வாழ்க்கை வரலாறுகளைப் புரட்டியபோது பின்னியவரின் பெயர் வந்தது: தாமஸ் எட்மன். பிலடெல்பியாவின் ஜவுளிக் கல்லூரியைச் சேர்ந்தவர். தையல் இல்லாமல் டேக்ரான் குழாயைப் பின்னித் தரும் மிஷினை டிபேக்கிக்காக வடிவமைத்தவர் அவர்தான். பல நூல்களில் அவருக்கு ஒதுக்கியிருப்பது ஒரே வாக்கியம். சிலவற்றில் அதுவும் கிடையாது. தையல் மிஷினுக்கு ஒரு பத்தி, பின்னல் மிஷினுக்கு ஒரு வரி. உலகெங்கும் எத்தனையோ மகாதமனிகளில் ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம் எட்மன் காட்டிய வழியில் பின்னிய குழாய்களுக்குள்தான் ஓடுகிறது. இந்த அளவுகோல் எனக்கு வருத்தம் தந்தது. பனியன் தொழிலில் இருக்கும் எவருக்கும் தரும்.

அந்தக் கல்லூரியைத் தேடிப் போனால் இன்னொரு வாசல் திறந்தது. 1876-இல் பிலடெல்பியாவில் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தபோது, தங்கள் துணி வெளிநாட்டுத் துணிக்கு முன் எடுபடவில்லை என்று அந்த ஊர் மில் முதலாளிகள் உணர்ந்தார்கள். தியோடர் செர்ச் என்பவர் முன்னின்று 1884-இல் ஜவுளிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் காலப்போக்கில் பெயர்கள் மாறி எட்மன் காலத்துக் கல்லூரியானது. 2017-இல் அது இணைந்தது எதனுடன் தெரியுமா? அதே ஊரின் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகத்துடன். 1824-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் வழிவந்தது அது. ஜான் கிப்பன் 1953 மே மாதம் இதய-நுரையீரல் எந்திரத்தின் துணையோடு முதல்முறையாக வெற்றிகரமான திறந்த இதய அறுவையைச் செய்தது அங்கேதான். துணி படிப்பவர்களும் உடல் படிப்பவர்களும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் வர அந்த ஊருக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்தான். ஒரு முனையில் பெரிய மருத்துவமனைகள், மறுமுனையில் நிட்டிங் மிஷின்கள்.

ஊர்களின் பெயர்களைக் குறித்துவைக்கத் தொடங்கியதும் ஓர் ஒழுங்கு தெரிந்தது. ரத்தக்குழாயை ரத்தக்குழாயோடு தைக்கும் முறையை 1902-இல் வெளியிட்டு 1912-இல் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரெல், பிரான்சின் பட்டு நகரமான லியோனைச் சேர்ந்தவர். 1894-இல் அந்த நகரத்தில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ கத்தியால் குத்தப்பட்டு, அறுபட்ட ரத்தக்குழாயைத் தைக்க வழியில்லாமல் இறந்துபோனார். அது காரெலின் மனத்தை உறுத்தியது. மெல்லிய ஊசியையும் நூலையும் கையாள, லியோனின் பூத்தையல் கலைஞரான மேடம் லெருதியேவிடம் போய்ப் பயின்றார். பாலியஸ்டர் என்ற பொருளே ஜவுளி ஊரில் பிறந்ததுதான்: மான்செஸ்டரின் காலிகோ பிரின்டர்ஸ் அசோசியேஷன் என்ற துணி அச்சு நிறுவனத்தில் வின்ஃபீல்டு, டிக்சன் இருவரும் 1941-இல் கண்டுபிடித்தார்கள். அதை அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் விற்ற பெயர்தான் டேக்ரான். நம் வீடுகளில் டெரிலின் சட்டை என்று சொன்னதும் அதே பொருள்.

அலபாமாவில் ஸ்டெர்லிங் எட்வர்ட்ஸ் என்ற அறுவை மருத்துவரும், கெம்ஸ்டிராண்ட் என்ற நூலிழைக் கம்பெனியின் வேதியியலாளர் ஜேம்ஸ் டாப்பும் 1955-இல் இன்னொரு சிக்கலைத் தீர்த்தார்கள். துணிக் குழாயை வளைத்தால் மடிந்து அடைத்துக்கொள்ளும். முழங்காலுக்குப் பின்னால் அப்படி நேர்ந்தால் கால் போய்விடும். குழாயின் சுவரில் வரிவரியாக மடிப்பு ஏற்றி, நிலைக்கச் செய்தார்கள். வளைத்தாலும் அடைக்கவில்லை. அவர்கள் எடுத்த நைலான் உடம்புக்குள் போகப்போக வலுவிழந்ததால் கைவிடப்பட்டது. மடிப்பு மட்டும் டேக்ரானுக்கு இடம் மாறி இன்றுவரை நிற்கிறது. அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் வேதியியலாளரின் பெயர் மருத்துவர் பெயருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்ததில் ஒரு நிம்மதி.

இனி காகிதத்தை மட்டும் நம்பிப் பயனில்லை என்று தோன்றியது. பின்னப்பட்ட ரத்தக்குழாயின் மேற்பரப்பைப் பெரிதாக்கிக் காட்டும் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, நிட்டிங் ஃபிட்டராக நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் போனேன். படம் எதைப் பற்றியது என்று முதலில் சொல்லவில்லை. சட்டைப்பையில் இருந்த கவுண்டிங் கிளாஸை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார்.

“இது நம்ம வட்ட மிஷின்ல ஓடுனது இல்ல கண்ணு. வார்ப் நிட். ஒவ்வொரு நீடிலுக்கும் தனித்தனி நூல் போகுது பாரு. நம்ம சிங்கிள் ஜெர்சியில ஒரே நூல்தான் சுத்திச் சுத்தி வரும், ஒரு லூப் அந்துதுன்னா மேலருந்து கீழ வரைக்கும் ஓட்டை இறங்கிரும். இதுல அப்படி இறங்காது. எதுக்கு ஓட்டுனாங்க இதை?”

“ரத்தக்குழாய்க்குங்க ஐயா. நெஞ்சுலருந்து வயித்துக்கு எறங்குற பெரிய குழாய் வீங்கிட்டா, அதை எடுத்துட்டு இதை வெச்சுத் தைப்பாங்க.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “உள்ள எந்நேரமும் பிரஷர் அடிச்சிக்கிட்டே இருக்குமே. நிட்டுன்னா நாளாக நாளாக டயா விரியுமே. அதுக்கு என்ன பண்ணுனாங்க?”

மருத்துவ உலகம் கருவிகளை வைத்துக் கேட்ட கேள்வி அது. 1979-இல் நன், ஃப்ரீமன், ஹட்ஜின்ஸ் ஆகியோர் மகாதமனியில் பொருத்திய டேக்ரான் குழாய்கள் அறுவைக்குப் பின் எவ்வளவு விரிந்தன என்று அளந்து, அதே ‘அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி’யில் வெளியிட்டார்கள். விரியத்தான் செய்தன. ஆரம்பத்தில் வந்த பின்னல் குழாய்களில் பல, நம் பனியனைப் போல ஒரே நூல் குறுக்கே ஓடும் வெஃப்ட் நிட். அவை அதிகம் விரிந்தன. வெட்டிய ஓரத்தில் லூப் அவிழ்ந்தது. பிறகு வந்தவர்கள் வார்ப் நிட் பக்கம் நகர்ந்தார்கள். பெரியவர் படத்தில் கண்டது அந்த நகர்வின் விளைவை.

இன்னொரு கேள்வியும் கேட்டார்: “ஓட்டை இருக்கே, ரத்தம் ஒழுகாதா?” ஒழுகும். அதைத்தான் 1961-இல் வெசலாஸ்கி என்ற அறுவை மருத்துவர் ஆராய்ச்சியாக்கினார். துணிக் குழாய் பிழைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் அதன் துளைத்தன்மையைப் பொறுத்தது என்றார். துளை பெரிதாக இருந்தால் ரத்தம் கசியும். துளையே இல்லாவிட்டால் வெளியிலிருந்து திசு உள்ளே வளராது. உட்படலம் பிடிக்காமல் உரிந்துபோகும். பின்னலில் துளை அதிகம், ஆகவே திசு நன்றாகப் பிடிக்கும். ஆனால் பொருத்துமுன் நோயாளியின் ரத்தத்தையே அதில் ஊற்றி உறையவைத்து ஓட்டைகளை அடைக்க வேண்டும். நெசவில் துளை குறைவு. ரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்துச் செய்யும் பெரிய அறுவைகளுக்கு அது பாதுகாப்பு. ஆனால் வெட்டிய ஓரம் பிரியும், ஊசி ஏறச் சிரமம். பின்னாளில் கொலாஜன், ஜெலட்டின் போன்ற புரதங்களைப் பின்னலின் மேல் பூசி ஆலையிலேயே அடைத்து அனுப்பத் தொடங்கினார்கள். உடம்புக்குள் அந்தப் பூச்சு மெல்லக் கரைய, திசு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் துணி வழியே ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் நீர் கசிகிறது என்பதுதான் இன்றும் இதற்கான அளவு. திருப்பூரில் துணியின் எடை அளவான ஜிஎஸ்எம் பார்க்காமல் துணி எடுக்க மாட்டார்கள். அறுவை அரங்கில் இந்த அளவைப் பார்க்காமல் குழாய் எடுக்க மாட்டார்கள்.

பின்னல் ரத்தக்குழாயோடு நின்றுவிடவில்லை. ஹூஸ்டனிலேயே ஃபிரான்சிஸ் அஷர் என்பவர் 1958 வாக்கில் மார்லெக்ஸ் என்ற பிளாஸ்டிக் இழையில் வலை செய்து குடலிறக்க அறுவையில் வைத்தார். சில ஆண்டுகளில் அதுவும் பின்னப்பட்ட பாலிப்ரொப்பிலீன் வலையாக மாறியது. இன்று மாவட்ட மருத்துவமனைகளிலும் ஹெர்னியாவுக்கு வைக்கும் வலை அதன் வாரிசு. அதைப் பிரித்துப் பார்த்தாலும் தெரிவது லூப்தான்.

இந்தியத் தடம் திருவனந்தபுரத்துக்குப் போனது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா இதய வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பூஜப்புராவின் சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்கிய உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவின் உழைப்பு அது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மாதிரிகளை ஒதுக்கிவிட்டு நான்காவதுக்கு வந்தார்கள். நீலக்கல் தட்டு வைத்த மாதிரி சோதனையில் உடைந்தது. கடைசியில் ஹேன்ஸ்-25 என்ற கோபால்ட் கலப்புலோகக் கூண்டும், மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் தட்டும் நின்றன. சென்னையின் டிடிகே நிறுவனம் அதைத் தயாரிப்புக்கு எடுத்தது.

இந்த வால்வைப் பற்றி எழுதுபவர்கள் உலோகத்தையும் தட்டையும் விரிவாகச் சொல்வார்கள். என் கண் போனது மூன்றாவது பகுதிக்கு: கூண்டைச் சுற்றியுள்ள பாலியஸ்டர் துணி வளையம். உலோகத்தை இதயத்தோடு யாராலும் நேரடியாகத் தைக்க முடியாது. மருத்துவரின் ஊசி போவது அந்தத் துணிக்குள். இதயத்தின் திசு வளர்ந்து பிடிப்பதும் அந்தத் துணியைத்தான். அந்த வளையம் இல்லாவிட்டால் வால்வுக்கு இதயத்தில் ஊன்றிக்கொள்ள இடமே இல்லை.

உடம்புக்குள் போன துணியைத் தேடிக்கொண்டிருந்தபோது, உடம்பைக் கவனிக்கும் துணி குறுக்கே வந்தது. அமெரிக்கக் காப்புரிமைப் பதிவுகளில் மருத்துவமும் ஆடையும் சந்திக்கும் இடங்களைத் துழாவிய நேரத்தில் 61,45,551 என்ற எண்ணில் நின்றேன். 2000 நவம்பரில் வழங்கப்பட்டது. அறிவுத்திறன் கொண்ட ஆடை ஒன்றை முழு வடிவத்தில் நெய்யும் முறை அதன் பொருள். கண்டுபிடிப்பாளர்கள் மூவர்: சுந்தரேசன் ஜெயராமன், சங்மீ பார்க், ரங்கசாமி ராஜமாணிக்கம். கடைசிப் பெயர் கொங்கு நாட்டில் எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் யாராவது திரும்பிப் பார்க்கக்கூடிய பெயர். அதைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஜெயராமன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1976-இல் பி.டெக்., 1978-இல் எம்.டெக். முடித்தவர். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1984-இல் முனைவர் பட்டம். இடையில் சாஃப்ட்வேர் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் கணித மென்பொருள் உருவாக்கத்தில் பங்கெடுத்துவிட்டு, 1985-இல் அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக்கில் ஜவுளிப் பொறியியல் துறைக்கு வந்தார். துணியும் கணினியும் ஒரே தலைக்குள் சேர்ந்தது அப்படித்தான்.

1996-இல் அமெரிக்கக் கடற்படை ஒரு கோரிக்கை வைத்தது. போரில் காயம்பட்ட வீரருக்கு முதல் ஒரு மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கும் நேரம். குண்டு எங்கே பாய்ந்தது, இதயம் எப்படித் துடிக்கிறது, மூச்சு எப்படி என்பதைத் தொலைவில் இருக்கும் மருத்துவக் குழுவுக்கு உடனே தெரிவிக்கும் உள்ளாடை வேண்டும். ஜெயராமன் குழு செய்தது கையில்லாத பனியன் போன்ற ஒரு சட்டை. அதன் உடல் முழுவதும் பிளாஸ்டிக் ஒளியிழை ஒன்று சுற்றிச் சுற்றிச் செல்கிறது. ஒரு முனையில் ஒளியை விட்டால் மறுமுனையில் வந்து சேர வேண்டும். வராவிட்டால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. அறுந்த இடத்திலிருந்து திரும்பும் ஒளியைக் கொண்டு காயம் எங்கே என்று கணக்கிடலாம்.

இங்கேதான் தையல் மறுபடி வழிமறித்தது. சட்டை என்றால் கட்டிங் டேபிளில் போட்டு வெட்டி, கைக்குழியும் கழுத்தும் எடுத்து, ஓவர்லாக்கில் கொடுப்பது உலக வழக்கம். ஆனால் ஒளியிழை ஓடும் துணியை வெட்டினால் இழையும் வெட்டுப்படும். தையலில் மறுபடி இணைக்க முடியாது. கைக்குழி வேண்டும், வெட்டும் கூடாது. இந்த முரணை அவிழ்க்கத்தான் அந்தக் காப்புரிமை. தறியிலேயே குழாய் வடிவத்தில், கைக்குழியோடு, இழை எங்கும் அறுபடாமல் சட்டையை முழுதாக நெய்து இறக்கினார்கள்.

2002 ஏப்ரலில் வழங்கப்பட்ட அடுத்த காப்புரிமையை அதன் சுருக்கத்திலிருந்தே நிறுத்தி நிறுத்திப் படித்தேன். நெய்த துணி மட்டுமல்ல, பின்னிய துணியும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. தோலில் படும் பகுதி, உடம்போடு ஒட்டிப் பிடிக்க ஸ்பாண்டெக்ஸ், நிலைமின்சாரத்தைப் போக்க ஓர் இழை, மின்சாரம் கடத்த உறையிட்ட மெல்லிய செம்புக் கம்பி அல்லது கடத்தும் இழை என்று அடுக்கடுக்காகச் சட்டையின் உடற்கூறு விரிகிறது. இதயத் துடிப்பு, ஈசிஜி, மூச்சு, உடல் வெப்பம் ஆகியவற்றுக்கான சென்சார்களைப் பட்டன் மாட்டுவதுபோல மாட்டலாம், கழற்றலாம். கழற்றிவிட்டுத் துவைக்கலாம். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகள் சந்திக்கும் இடத்தில் மேலுறையைக் கரைத்து, கடத்தும் பசையிட்டு இணைக்கும் முறையும் உண்டு. கணினியின் மதர்போர்டு போலத் துணியே இயங்குகிறது என்பதால் இதற்கு ‘வேரபிள் மதர்போர்டு’ என்று பெயரிட்டார்கள். இதன் ஒரு மாதிரி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் சேர்ந்திருக்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று இறக்கும் பச்சிளம் குழந்தைகளைக் கண்காணிக்கும் ஆடைக்கும் 2004-இல் தனிக் காப்புரிமை வந்தது. போர்க்களத்துக்குச் செய்தது தொட்டிலுக்கு வந்தது.

இந்தக் குழு 1999-இல் ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’ என்ற இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கோபால்சாமி, பார்க், ராஜமாணிக்கம், ஜெயராமன் என்பது ஆசிரியர் வரிசை. மருத்துவப் பயன்பாடு என்பது தலைப்பிலேயே இருக்கிறது. 1958-இன் கட்டுரையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே துணியைப் பற்றிய கட்டுரையில் நான்கு மருத்துவர்கள். இங்கே மருத்துவத்தைப் பற்றிய கட்டுரையில் ஜவுளித் துறைக்காரர்கள் நால்வர். எட்மனுக்கு ஒரு வரி கொடுத்த உலகம் நாற்பது ஆண்டுகளில் ஜவுளி ஆட்களைக் கண்டுபிடிப்பாளர்கள் என்றே எழுதத் தொடங்கிவிட்டது. இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்தவற்றுள் பெரியது இதுதான்: தாள்களில் பெயர்கள் இடம் மாறிய இந்தக் கதை.

அதன்பின் இத்தாலியில் ரீட்டா பரடிசோ குழு ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையோடு ‘வெல்தி’ என்ற திட்டத்தில் இறங்கியது. 2005-இல் வந்த அவர்களுடைய கட்டுரை, பின்னலிலேயே ஒன்றிய சென்சார்களைக் கொண்ட உடல்நலக் கண்காணிப்பு ஆடையைப் பற்றியது. அங்கே சென்சார் மாட்டப்படுவதில்லை, பின்னப்படுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழை கலந்த நூலை மார்புப் பக்கம் பின்னினால் அதுவே ஈசிஜி மின்முனை. மூச்சு இழுக்கும்போது மார்பு விரியும், துணி இழுபடும், இழுவையை உணரும் இழையில் மின்தடை மாறும், அந்த ஏற்ற இறக்கமே மூச்சின் கணக்கு. நெய்த துணி இந்த வேலைக்குச் சிரமப்படும். உடம்போடு விரிந்து உடம்போடு சுருங்குவது பின்னலின் பிறவிக்குணம். 1970-களின் கடைசியில் திருப்பூர் பனியனுக்கு ஐரோப்பியச் சந்தையைத் திறந்துவிட்டதும் இத்தாலிய வியாபாரிகள்தான். அவர்கள் டி-சர்ட் வாங்கிப்போன அதே மிஷின் குடும்பம், அவர்கள் நாட்டில் ஈசிஜி எடுக்கிறது.

இந்தக் காகிதங்களோடு மறுபடி பெரியவரிடம் போனேன். ஜெயராமன் குழுவின் வரைபடத்தில் கைக்குழி வரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டே பேசினார். பாடி சைஸ் மிஷினில் உடம்பை இறக்குவது பிரச்சினை இல்லை, செம்புக் கம்பியைத் தனி ஃபீடரில் கொடுத்து எந்தெந்த வரியில் வேண்டுமோ அங்கே மட்டும் ஓட்டலாம் என்றார். “நீடில் திரும்புற எடத்துல கம்பி முறிஞ்சிரும் கண்ணு. லூப் கொஞ்சம் பெருசா விடணும். இல்லாட்டி கம்பியை லூப் ஆக்காம, பின்னாடி படுக்க வெச்சு, ஃபிளீஸ்ல நூல் படுக்குமே, அந்த மாதிரி ஓட்டணும்.” படுக்கை நூலாக ஓட்டினால் கம்பிக்கு நீடிலில் வளைவு இல்லை, ஆனால் துணி இழுபடும்போது அதற்கு நீளம் போதாது, ஆகவே நெளிவு கொடுத்து விட வேண்டும் என்று அவரே அடுத்த நிமிடம் திருத்தினார். இந்த அளவுக்குத் திட்டவட்டமான உரையாடலை நான் நூலகத்தில் எங்கும் கண்டதில்லை.

அமெரிக்கக் காப்புரிமைக்கு ஆயுள், தாக்கல் செய்ததிலிருந்து 20 ஆண்டு. 1990-களின் கடைசியில் தாக்கலான அந்த அடிப்படைக் காப்புரிமைகளின் காலம் முடிந்துவிட்டது. அவற்றில் இருக்கும் முறைகளை இனி யாரும் கையில் எடுத்து மேலே கட்டலாம். திருப்பூரிலும் அப்படி ஒரு பனியனைப் பின்னிப் பார்க்கலாம்.

சோதிக்க இடமும் தொலைவில் இல்லை. கோவையில் 1956-இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவில் மருத்துவ ஜவுளிக்கென்றே தனி மையம் இருக்கிறது. 2020-இல் கொரோனா வந்தபோது நாட்டின் பல மூலைகளில் தைத்த கவச உடைகள் செயற்கை ரத்தச் சோதனைக்கு அங்கே போயின. அந்த நாள்களில் திருப்பூரும் முகக்கவசத்துக்கும் கவச உடைக்கும் திரும்பியது. துணி தாங்கினாலும் தையல் வழியாகக் கசிந்ததால், தையல் மேல் சூட்டில் டேப் ஒட்டும் மிஷினுக்கு எல்லோரும் அலைந்தார்கள். வூரிஸின் குழாயிலும் ஜெயராமனின் சட்டையிலும் இருந்த அதே பழைய சிக்கல், நம் ஊரில் நம் டெய்லர்கள் கையில்.

இனி வேண்டியவை வெளிப்படையானவை. 2017-இன் மருத்துவக் கருவி விதிகள், ஆபத்தின் அளவுக்கேற்ப ஏ, பி, சி, டி என்று கருவிகளை வகுக்கின்றன. 2020 ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவக் கருவிகளும் ஒழுங்குமுறைக்குள் வந்துவிட்டன. நோயாளியின் இதயத்தைக் கவனிக்கும் பனியனும் அந்த வகைக்குள் வரும். மருத்துவமனையின் அறநெறிக் குழு ஒப்புதல் வேண்டும். வியர்வையில், அசைவில், பலமுறை துவைத்த பின் ஈசிஜி கோடு தெளிவாக வருகிறதா என்று இதய மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவரோடு ஒரு மின்னணுப் பொறியாளர். நிட்டிங் பக்கத்துக்குப் பெரியவர் தயார். மிஷின் ஒன்றைச் சில நாள்களுக்கு யாரிடம் கேட்டு வாங்கலாம் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார். முதல் சாம்பிள் இறங்கியதும் அதன் சீட்டில் மருத்துவர் பெயருக்குப் பக்கத்தில் ஃபிட்டர் பெயரும் இருக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.